இரண்டில் ஒன்றும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஏன் ஐந்தில் இரண்டு ஆகாது?

நிலாமுற்றம் | திங்கள், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். இன்று வீட்டுப்பாடத்தில் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருந்தாள். "பகுதிகள், அதாவது கீழே உள்ள எண்கள், வேறுவேறாக இருந்தால் மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) காண வேண்டும்" என்று நினைவூட்டினேன். உடனே செய்தாள், 5/6 வந்தது. பழைய விடையை அழித்துவிட்டுப் புதியதை எழுதினாள். ஆனால் குறிப்பேட்டை மூடவில்லை.

"பெருக்கும்போது மேலோடு மேலையும் கீழோடு கீழையும் பெருக்குகிறோம். கூட்டும்போது மட்டும் ஏன் அப்படிக் கூட்டக்கூடாது?" என்று கேட்டாள். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்தில் ஒரு படம் வரைந்தாள். இரண்டு வட்டங்கள், ஒன்றில் கறுப்பு. பக்கத்தில் மூன்று வட்டங்கள், ஒன்றில் கறுப்பு. "இரண்டில் ஒன்று, மூன்றில் ஒன்று. இப்போது எண்ணிப் பாருங்கள் அம்மா, ஐந்தில் இரண்டு."

எண்ணினேன். ஐந்தில் இரண்டுதான்! படத்தில் தவறு எங்கே என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "விதி அப்படி" என்று சொல்லி வாயை அடைக்க மனம் வரவில்லை. அவளுக்கு என்ன சொல்லலாம்?

பென்சில்முனை | திங்கள், இரவு 10.15

சகோதரி, குழப்பமே வேண்டாம். குறுக்குப் பெருக்கலைச் சொல்லிக் கொடுங்கள். முதல் தொகுதியை (மேலே உள்ள எண்ணை) இரண்டாம் பகுதியால் பெருக்க வேண்டும், இரண்டாம் தொகுதியை முதல் பகுதியால் பெருக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் மேலே வருவது கிடைத்துவிடும். பகுதிகளைப் பெருக்கினால் கீழே வருவது கிடைத்துவிடும். (1×3 + 1×2) / (2×3) = 5/6. எந்த இரண்டு பின்னங்களுக்கும் இது பொருந்தும். பன்னிரண்டு ஆண்டுகளாகத் தனிவகுப்பு நடத்துகிறேன், மீ.சி.ம.வில் தடுமாறும் பிள்ளைகள்கூட இதை ஒரே நாளில் பிடித்துக்கொள்கிறார்கள். காரணம் பிறகு தானாகப் புரியும்.

கரும்பலகை | செவ்வாய், காலை 6.05

காலையில் இந்த இழையைப் பார்த்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கு நடத்தியவன் நான். உங்கள் மகள் வரைந்த படம் போன்ற ஒன்றை என் வகுப்பிலும் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆரம்ப நாள்களில் அதைச் சிவப்பு மையால் அடித்தேன். அது தவறு என்று பின்னால்தான் புரிந்தது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தில் பிழையே இல்லை. அது வேறொரு கேள்விக்குச் சரியான விடை. ஒருத்தி முதல் ஆட்டத்தில் இரண்டு முறை பந்தை எறிந்து ஒருமுறை வளையத்தில் போட்டாள். அடுத்த ஆட்டத்தில் மூன்று முறை எறிந்து ஒருமுறை போட்டாள். மொத்தத்தில் ஐந்து எறிதலில் இரண்டு. இதற்கு 2/5 என்பதுதான் விடை. 5/6 என்று சொன்னால் அதுதான் தவறு.

ஆனால் அங்கே நடப்பது கூட்டல் அல்ல, கலத்தல். இரண்டு கூட்டங்களைக் கலந்து ஒரு பெரிய கூட்டம் ஆக்குகிறோம். முதல் பின்னம் இரண்டு வட்டங்களில் பாதி. இரண்டாவது பின்னம் மூன்று வட்டங்களில் ஒரு பங்கு. கடைசியில் வந்த பின்னம் ஐந்து வட்டங்களைப் பற்றியது. மூன்று பின்னங்களுக்கும் மூன்று வெவ்வேறு முழுமைகள். முழுமை மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் 1/2, 1/3 என்னும் எண்களைக் கூட்டியதாகச் சொல்ல முடியாது. 1/2 + 1/3 என்று எழுதினால் ஒரே முழுமையின் பாதியும் அதே முழுமையின் மூன்றில் ஒரு பங்கும் என்று பொருள். இந்த "அதே" என்ற சொல்லைப் பாடநூல் எங்கும் உரக்கச் சொல்வதில்லை. குழந்தை எப்படி ஊகிக்கும்?

இப்போது அவளிடம் விதியைச் சொல்லாதீர்கள். ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: 2/5 பெரியதா, 1/2 பெரியதா? 30 செ.மீ. நீளமுள்ள காகிதப் பட்டை என்றால் பாதி 15 செ.மீ.; ஐந்தில் இரண்டு 12 செ.மீ. கையில் 15 இருந்தது, அதனோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தோம், 12 ஆகிவிட்டது. சேர்த்த பிறகு குறையுமா? இந்தக் கேள்விக்கு முன்னால் அவளே நின்று யோசிக்கட்டும்.

அளவை மனத்தால் பார்க்கும் இந்தப் பழக்கம்தான் பிள்ளைகளிடம் இல்லாமல் போகிறது. 1978 இல் அமெரிக்காவின் தேசியக் கல்வி மதிப்பீட்டில் 13 வயது மாணவர்களிடம் 12/13 + 7/8 ஏறத்தாழ எவ்வளவு என்று கேட்டார்கள். கொடுத்த விடைகள் 1, 2, 19, 21. இரண்டு பின்னங்களும் ஏறக்குறைய முழுசாக ஒன்று. ஆகவே விடை 2. அதைத் தேர்ந்தவர்கள் 24 சதவீதம் மட்டுமே. பாதிக்கு மேற்பட்டோர் 19 அல்லது 21 என்றார்கள், அதாவது தொகுதிகளையோ பகுதிகளையோ கூட்டிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளில் பலருக்கு விதி தெரிந்திருக்கும். பின்னம் ஓர் அளவு என்பதுதான் அவர்கள் மனத்தில் இல்லை.

கல்லூரிச்சாலை | செவ்வாய், காலை 8.30

கரும்பலகை ஐயா சொன்ன "கலத்தல்" கணிதத்தில் உண்மையிலேயே ஒரு தனிப் பொருளாக இருக்கிறது. மேலோடு மேல், கீழோடு கீழ் கூட்டினால் வருவது எப்போதும் அந்த இரண்டு பின்னங்களுக்கும் நடுவில்தான் விழும். 1/3க்கும் 1/2க்கும் இடையே 2/5. பகுதி இன்ன எண்ணைத் தாண்டக்கூடாது என்று வைத்துக்கொண்டு பின்னங்களை ஏறுவரிசையில் எழுதினால், நடுவில் இருப்பது எப்போதும் தன் இரு பக்கத்துப் பின்னங்களையும் இப்படிக் கலந்தது என்று 1816 இல் ஆங்கிலேய நிலவியலாளர் ஜான் ஃபேரி குறிப்பிட்டார். இன்றும் அந்த வரிசை அவர் பெயரால்தான் வழங்குகிறது.

ஆனால் இதை ஏன் எண்களின் கூட்டலாக ஏற்க முடியாது என்பதற்கு ஒரு சின்னச் சோதனை. பாதியை 1/2 என்று எழுதாமல் 2/4 என்று எழுதுங்கள். அளவு மாறவில்லை. இப்போது கலந்து பாருங்கள்: 2/4, 1/3 என்றால் 3/7. முன்பு 2/5, இப்போது 3/7. அதே பாதி, அதே மூன்றில் ஒன்று, ஆனால் விடை வேறு. எழுதும் விதத்தைப் பொறுத்து விடை மாறினால் அது அந்த எண்களைப் பற்றிய கணக்கே அல்ல. மீ.சி.ம. வழியில் 2/4 + 1/3 = 6/12 + 4/12 = 10/12, அதுவும் 5/6தான்.

ஏடும்எழுத்தும் | செவ்வாய், நண்பகல் 12.20

எல்லோரும் கணக்கைப் பார்க்கிறீர்கள். நான் அந்தக் குழந்தை வாசித்த விதத்தைப் பார்க்கிறேன். "இரண்டில் ஒன்று, மூன்றில் ஒன்று." இதுவே அவளை ஐந்தில் இரண்டுக்கு இழுத்துச் சென்றது என்று நினைக்கிறேன். "இரண்டில் ஒன்று" என்றால் இரண்டு பொருள்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்று என்றுதான் காதில் விழுகிறது. கணக்கெடுப்புபோல ஒலிக்கிறது. அளவுபோல ஒலிக்கவில்லை.

அவளிடம் "அரையும் காலும் சேர்ந்தால் எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். முக்கால் என்று பட்டென்று சொல்வாள். அதையே 1/2 + 1/4 என்று எழுதிக் கொடுத்தால் 2/6 என்று எழுதக்கூடும். ஒரே கணக்கு. முதலாவதில் அளவுக்குப் பெயர் இருக்கிறது, இரண்டாவதில் இல்லை.

நம் மொழியின் பின்னப் பெயர்களைப் பிரித்துப் பார்த்தால் கணக்கின் செயல்கள் அத்தனையும் உள்ளே இருக்கின்றன. முக்கால் என்பது மூன்று கால். அதாவது கால் என்னும் துண்டை மூன்று முறை எண்ணுவது. அரைக்கால் என்பது காலில் அரை. அது பெருக்கல், 1/8. ஒன்றேகால் என்பதில் உள்ள "ஏ" கூட்டல் குறி. ஒன்றும் காலும். அதே முறையில் "காலே அரைக்கால்" என்றால் 1/4 + 1/8, அதாவது 3/8.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது மாகாணி. மா என்றால் 1/20. காணி என்றால் 1/80. மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி. வேற்றினப் பின்னங்கள் (பகுதி வேறான பின்னங்கள்) இரண்டின் கூட்டல் ஒரே சொல்லுக்குள்! ஒரு மாவில் நான்கு காணி. அதோடு ஒரு காணி சேர்ந்தால் ஐந்து காணி, 5/80. சுருக்கினால் 1/16. மாவைக் காணியாக மாற்றியதுதான் மீ.சி.ம. கண்ட இடம்.

முந்திரி என்பது 1/320. பழைய வாய்பாட்டில் அரை என்றால் 160 முந்திரி, கால் என்றால் 80, மா என்றால் 16, காணி என்றால் 4. எல்லாப் பின்னங்களுக்கும் 320 என்ற ஒரே பொதுப் பகுதியை முன்கூட்டியே வகுத்து வைத்துவிட்டார்கள். பிறகு முழு எண்களைப்போல எண்ணிக் கூட்டினால் போதும். ஆனால் 320 மூன்றால் வகுபடாது. அந்த வரிசையில் மூன்றில் ஒன்றுக்கு அரை, கால்போல ஒரு பெயர் இல்லை. உங்கள் மகளுக்கு வந்த கணக்கில் அந்த மூன்று இருந்ததும் அவள் தடுமாறக் காரணமாக இருந்திருக்கலாம்.

நூலளவு | செவ்வாய், மாலை 4.45

தச்சுவேலை செய்கிறவன். மேலே உள்ளதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. எங்கள் வேலையில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை ஒரு நூல் என்போம். மூன்று நூல் கனமுள்ள பலகையோடு கால் அங்குலப் பலகையை ஒட்டினால் கனம் எவ்வளவு? கால் அங்குலம் என்றால் இரண்டு நூல். ஆக ஐந்து நூல். 3/8 + 1/4 = 5/8 என்று யாரும் தாளில் எழுதுவதில்லை. பதினாறில் ஒன்று வந்தால் எல்லாவற்றையும் அரை நூலுக்கு இறக்கிவிடுவோம். வேலைக்குச் சேரும் பையன்களிடம் பின்னம் என்று சொன்னால் பயப்படுகிறார்கள். நூல் என்று சொன்னால் வாயாலேயே கூட்டுகிறார்கள்.

நிலாமுற்றம் | செவ்வாய், இரவு 9.10

எல்லோருக்கும் நன்றி. இன்று மாலை நடந்ததை எழுதுகிறேன்.

30 செ.மீ. பட்டைக்குத் தாள் நீளம் போதவில்லை. 24 செ.மீ. நீளத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டிக் கொடுத்தேன். முதலில் பாதியாக மடித்தாள். 12இல் மடிப்பு விழுந்தது. மூன்றாக மடிப்பதுதான் கடினமாக இருந்தது. இரண்டு முறை தவறி, பிறகு பட்டையை வளைத்து மூன்று அடுக்கும் சமமாகும்வரை இழுத்து இழுத்துச் சரிசெய்து, நகத்தால் அழுத்தினாள். 8இலும் 16இலும் மடிப்பு. விரித்தபோது மூன்று மடிப்புக் கோடுகள் இருந்தன: 8, 12, 16.

2/5ஐப் பற்றிக் கேட்டேன். அளவுகோலை வைத்துப் பார்த்து "பத்துக்கும் கீழே வருகிறது, பாதியே 12 இருக்கிறதே" என்றாள். அங்கேயே அந்த விடை அவளைவிட்டுப் போய்விட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. 8க்கும் 12க்கும் இடையே உள்ள அந்தச் சின்னத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை விரலால் அளந்து பட்டை நெடுகிலும் நகர்த்தினாள். ஆறு முறை வைத்ததும் பட்டை முடிந்தது. "இது ஆறில் ஒன்று" என்றாள். பிறகு பாதியில் அது எத்தனை முறை போகிறது என்று பார்த்தாள்: மூன்று. மூன்றில் ஒன்றில் எத்தனை முறை: இரண்டு. "மூன்றும் இரண்டும் ஐந்து. ஐந்து சின்னத் துண்டு." மீ.சி.ம. என்ற சொல் இல்லாமலேயே ஆறு அவள் கைக்கு வந்துவிட்டது. பாதியையும் மூன்றில் ஒன்றையும் மிச்சமில்லாமல் அளக்கும் துண்டைத் தேடினாள். அதுதான் பொதுப் பகுதி என்று எனக்கே இன்றுதான் புரிந்தது.

ஆனால் பெருக்கல் கேள்வியை அவள் மறக்கவில்லை. தூங்கப் போகும்போது மறுபடியும் கேட்டாள்.

கரும்பலகை | புதன், காலை 5.50

8க்கும் 12க்கும் இடையே உள்ள துண்டை அவளே கண்டாளா! 1/2 − 1/3 = 1/6 என்பதையும் சேர்த்தே கண்டுவிட்டாள். அந்தப் பட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பெருக்கல் கேள்விக்கு வருகிறேன். 1/2 × 1/3 என்றால் மூன்றில் ஒரு பங்கில் பாதி. ஏடும்எழுத்தும் சொன்ன அரைக்கால்போலத்தான். ஏற்கெனவே மூன்றாக வெட்டிய துண்டை மறுபடியும் இரண்டாக வெட்டுகிறோம். வெட்டுக்குமேல் வெட்டு. ஒவ்வொரு மூன்றில் ஒன்றையும் அப்படியே வெட்டினால் முழுமையில் ஆறு துண்டுகள் இருக்கும். ஆகவே பகுதிகள் பெருகுகின்றன, துண்டு சிறிதாகிறது. கூட்டலில் யாரும் எதையும் வெட்டவில்லை. இருக்கும் துண்டுகளைப் பக்கத்தில் வைக்கிறோம், அவ்வளவே.

இன்னும் எளிதாக வேண்டுமானால் அலகுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 3 மீட்டரும் 2 மீட்டரும் சேர்ந்தால் 5 மீட்டர். மீட்டரோடு மீட்டரைக் கூட்டி "இரண்டு மீட்டர்" என்று யாரும் சொல்வதில்லை. அலகு அப்படியே இருக்கிறது, எண்ணிக்கை மட்டும் கூடுகிறது. ஆனால் 3 மீட்டரை 2 மீட்டரால் பெருக்கினால் 6 சதுர மீட்டர். அங்கே அலகும் பெருகிவிடுகிறது. பகுதி என்பது அலகின் பெயர். ஏழில் மூன்றும் ஏழில் இரண்டும் சேர்ந்தால் ஏழில் ஐந்து; "ஏழில்" என்பது மீட்டர்போல நிற்கிறது. 3 மீட்டரோடு 20 சென்டிமீட்டரைக் கூட்டச் சொன்னால் 23 என்று அவள் சொல்லமாட்டாள். முதலில் எல்லாவற்றையும் சென்டிமீட்டராக மாற்றுவாள், 320 என்பாள். வேற்றினப் பின்னங்களை ஓரினப் பின்னங்களாக மாற்றுவதும் அதேதான்.

கடிகாரமும் கைகொடுக்கும். மணியில் மூன்றில் ஒன்று 20 நிமிடம், கால் மணி 15 நிமிடம், சேர்ந்து 35 நிமிடம். 35/60 என்பது 7/12. நிமிடம் என்பது அறுபதில் ஒன்றுக்கு நாம் வைத்த பெயர்.

பென்சில்முனை | புதன், காலை 9.20

ஐயா, நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். பட்டை மடித்ததைப் படித்தபோது என் பிள்ளைகளிடமும் செய்து பார்க்க ஆசையாக இருந்தது. ஆனால் ஒரு நியாயத்தைச் சொல்லவேண்டும். என்னிடம் வருகிறவர்களில் பலர் பின்னம் என்றாலே நடுங்கும் நிலையில் வருகிறார்கள். அவர்களுக்குத் தேர்வில் பிழையாகாத ஒரு வழி வேண்டும். குறுக்குப் பெருக்கல் ஒருபோதும் தவறான விடை தராது. அதைக் குறைவாகப் பேசுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

கல்லூரிச்சாலை | புதன், காலை 10.05

குறைவாகப் பேச அதில் எதுவும் இல்லை. ஒவ்வொரு பின்னத்தின் மேலையும் கீழையும் மற்றதன் பகுதியால் பெருக்கிப் பிறகு கூட்டு என்பது 628 இல் பிரம்மகுப்தர் எழுதிய விதியே. ஏறத்தாழ 850 இல் கணித அறிஞர் மகாவீரர் அதைச் சுருக்கினார், பகுதிகளின் மீ.சி.ம.வுக்கு "நிருத்தம்" என்று பெயர் வைத்து, அதையே பொதுப் பகுதியாக எடுக்கச் சொன்னார். முதல் வழி எப்போதும் சரி. இரண்டாவது, தேவையில்லாத பெருக்கலைத் தவிர்க்கிறது.

ஆணிவேர் | புதன், பிற்பகல் 2.30

தவறான விடை தராது என்பது உண்மை. ஆனால் எண்கள் வீங்கிவிடும். 5/24 + 7/36 ஐ எடுத்துக்கொள்ளுங்கள்.

குறுக்குப் பெருக்கலில்: (5×36 + 7×24) / (24×36) = (180 + 168) / 864 = 348/864. இதைச் சுருக்க வேண்டும். இரண்டால், மறுபடியும் இரண்டால், பிறகு மூன்றால் வகுத்தால் 29/72. இந்தச் சுருக்கலில்தான் பிள்ளைகள் வழுக்குகிறார்கள்.

மீ.சி.ம. 72 என்று தெரிந்தால்: 15/72 + 14/72 = 29/72. முடிந்தது.

மீ.சி.ம.வைத் தேடுவது கடினம் என்பதுதான் எல்லோருடைய குறை. அதற்கு ஒரு வழி இருக்கிறது. மீ.சி.ம.வைத் தேடாதீர்கள், பகுதிகளின் மீப்பெரு பொதுக் காரணியைத் தேடுங்கள். 36இலிருந்து 24ஐக் கழித்தால் 12. அந்த 12, 24ஐ மிச்சமில்லாமல் வகுக்கிறது. ஆகவே பொதுக் காரணி 12. யூக்ளிட் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிய கழித்தல் முறைதான் இது. 24ஐ 12 ஆல் வகுத்தால் 2. 36ஐ வகுத்தால் 3. இனி 24, 36 என்று முழுசாகக் குறுக்கே பெருக்க வேண்டாம். 2, 3 போதும். மேலே 5×3 + 7×2 = 29, கீழே 24×3 = 72. பென்சில்முனை அவர்களே, இதுவும் உங்கள் குறுக்குப் பெருக்கல்தான். பெருக்கும் எண்களை முன்பே இளைக்கவைத்துவிட்டோம்.

பென்சில்முனை | புதன், மாலை 6.10

இதை நாளைக்கே சொல்லிக் கொடுக்கப் போகிறேன். மனமார்ந்த நன்றி.

நெடுநாளாக ஒரு சந்தேகம், இங்கேயே கேட்டுவிடுகிறேன். மீ.சி.ம. சரியாகக் கண்டாலும் சில சமயம் கடைசியில் சுருக்க வேண்டியிருக்கிறது. 1/6 + 1/10 = 5/30 + 3/30 = 8/30, பிறகு 4/15. பிள்ளைகள் "மீ.சி.ம.வைத் தவறாகக் கண்டுவிட்டோமா?" என்று பயப்படுகிறார்கள். எப்போது சுருங்கும், எப்போது சுருங்காது என்று முன்பே சொல்ல முடியுமா?

ஆணிவேர் | புதன், இரவு 8.00

முடியும். கொடுத்த பின்னங்கள் ஏற்கெனவே எளிய வடிவில் இருந்தால், பகுதிகளைப் பகாக் காரணிகளாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு பகா எண் இரண்டு பகுதிகளிலும் சம எண்ணிக்கையில் இருந்தால் மட்டுமே அதனால் சுருங்க வாய்ப்பு உண்டு. மற்றப்படி வாய்ப்பே இல்லை.

24 = 2×2×2×3. 36 = 2×2×3×3. இரண்டு என்னும் காரணி ஓரிடத்தில் மூன்று முறை, இன்னோரிடத்தில் இரண்டு முறை. மூன்றும் அப்படியே ஒன்று, இரண்டு. எதுவும் சமமில்லை. ஆகவே 29/72 சுருங்குமா என்று பார்க்கவே வேண்டாம். 5/24, 7/36க்குப் பதிலாக அதே பகுதிகள்மேல் எந்தத் தொகுதிகள் இருந்தாலும் சுருங்காது.

6 = 2×3, 10 = 2×5. இரண்டிலும் 2 ஒருமுறை இருக்கிறது. ஆகவே இரண்டால் சுருங்க இடமுண்டு, சுருங்கியது. 3ஆலும் 5ஆலும் சுருங்காது.

"வாய்ப்பு" என்று எழுதியதைக் கவனியுங்கள். 10, 15 இரண்டிலும் 5 ஒருமுறை இருக்கிறது. 1/10 + 1/15 = 3/30 + 2/30 = 5/30 = 1/6, ஐந்தால் சுருங்கியது. ஆனால் 3/10 + 1/15 = 9/30 + 2/30 = 11/30, சுருங்கவில்லை. 2 மட்டும் தனி. அது இரு பகுதிகளிலும் சம எண்ணிக்கையில் இருந்துவிட்டால் கட்டாயம் சுருங்கும். பொதுப் பகுதிக்கு மாற்றிய பிறகு தொகுதிகள் இரண்டும் ஒற்றைப்படையாகவே இருக்கும். ஒற்றையும் ஒற்றையும் சேர்ந்தால் இரட்டை.

கரும்பலகை | வியாழன், காலை 6.15

இந்தக் கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு வெகுநேரம் தாளும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். இதிலிருந்து இன்னொன்று வருகிறது. 1/2 + 1/3 + 1/4 + 1/5 + … என்று எத்தனை பின்னங்களைக் கூட்டினாலும், எங்கே நிறுத்தினாலும், விடை முழு எண்ணாகவே ஆகாது. 2, 4, 8, 16 என்ற வரிசையில் நிறுத்திய இடத்துக்குள் வரும் மிகப் பெரியதை எடுங்கள். அவ்வளவு இரண்டுகளைக் காரணியாகக் கொண்ட பகுதி அந்தப் பட்டியலில் அது ஒன்றுதான். பொதுப் பகுதிக்கு மாற்றினால் அதன் தொகுதி மட்டும் ஒற்றை, மற்றவை எல்லாம் இரட்டை. கூட்டினால் மேலே ஒற்றை, கீழே இரட்டை. எப்படி முழுசாக வகுபடும்? கூட்டுத்தொகை எல்லையில்லாமல் வளரும். 2ஐத் தாண்டும், 3ஐத் தாண்டும். எந்த முழு எண்மீதும் சரியாக உட்காராமலே தாண்டிப் போகும். வேற்றினப் பின்னங்களைக் கூட்டுவது ஆறாம் வகுப்போடு முடிகிற பாடம் என்று யாரேனும் சொன்னால் இதைக் காட்டுவேன்.

நிலாமுற்றம் | வியாழன், இரவு 9.30

ஐயா, மீட்டர் உவமையைச் சொன்னேன். "அப்படியென்றால் கீழே இருப்பது எண் இல்லை, பெயர்" என்றாள். பெருக்கல் கேள்வி அத்தோடு தீர்ந்தது.

ஆணிவேர் அவர்கள் எழுதிய 1/10 + 1/15 = 1/6 அவளை விடவில்லை. "மேலே ஒன்று, ஒன்று, விடையிலும் மேலே ஒன்று. 1/6 வேறு எப்படியெல்லாம் இப்படி வரும்?" என்று கேட்கிறாள். 1/12 + 1/12 என்று உடனே சொல்லிவிட்டாள். வேறு இருக்கின்றனவா?

ஆணிவேர் | வியாழன், இரவு 10.20

மொத்தம் ஐந்து இருக்கின்றன, அதற்குமேல் இல்லை. இரண்டு பகுதிகளிலிருந்தும் 6ஐக் கழித்துவிட்டு, வந்த இரண்டு எண்களையும் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். 10, 15 என்றால் 4, 9. 12, 12 என்றால் 6, 6. இரண்டிலும் பெருக்கற்பலன் ஒன்றாக இருப்பதை அவள் கவனித்துவிட்டால் மீதி மூன்றும் வந்துவிடும். ஆனால் உடனே சொல்லிவிட வேண்டாம் அம்மா. இரண்டு நாள் கையால் தேடட்டும்.

நிலாமுற்றம் | சனி, மாலை 5.00

சொல்லவில்லை. குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு நாளாக எழுதி எழுதிப் பார்க்கிறாள். 1/9 + 1/18 ஐ நேற்று இரவு கண்டாள்; பொதுப் பகுதி 18, 2/18 + 1/18 = 3/18 என்று கீழே ஒவ்வொரு படியையும் எழுதியிருக்கிறாள். இன்று காலையில் 1/8 + 1/24. ஐந்தாவது இன்னும் சிக்கவில்லை. 7ஐ முயன்றுவிட்டு "ஏழு எதற்கும் ஒத்துவராது" என்று அடித்து வைத்திருந்தாள். இப்போது அந்தக் கோட்டை அழித்துவிட்டு மறுபடியும் 1/7 என்று எழுதிக்கொண்டிருக்கிறாள்.